முன்சீட்டுக்குக் கீழே ஈரம்

மச்சீஸ், போன வாரம் ஆபீஸ் கேப்பில் ஏறியதும் நான் குனிந்து கால்மிதி மேட்டைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்ததை வீடியோ எடுத்து குரூப்பில் போட்டீர்களே, நல்லா இருங்க. "மோப்ப நாய்", "சிஐடி மேடம்" எல்லாவற்றையும் படித்தேன். எந்த வண்டியில் ஏறினாலும் நான் அப்படிச் செய்கிறேன் என்பதே அந்த வீடியோவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஏன்டி என்று ஒருத்தி மட்டும் தனியாகக் கேட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாகத் தட்டிவிடுகிறேன். நீளமாகப் போகும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, அதற்குள் கிழவி மாதிரி 'அந்தக் காலத்துல' என்கிறாள் என்று கலாய்க்க நினைப்பவர்கள் இப்போதே கிளம்பலாம்.

நாலாம் வகுப்பு முடிந்த கோடை அது. எங்கள் வீடு திருவொற்றியூரில், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மாடி போர்ஷன். அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அம்மா மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும். மற்ற நாளெல்லாம் நானும் அப்பாவும்தான். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், வேறு மாதிரி எழுதினால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது.

நைனாவிடம் ஒரு பழைய டீசல் வண்டி இருந்தது. முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. டெல்லியில் யாரோ ஓட்டித் தேய்த்து, கை மாறிக் கை மாறி நைனாவிடம் வந்து சேர்ந்தது. காலையில் வெல்டர்களை ஏற்றிக்கொண்டு காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் விட வேண்டும், சாயங்காலம் கூட்டி வர வேண்டும். பள்ளிக்கூடம் லீவு, என்னை வீட்டில் தனியாக விட முடியாது. ராயபுரத்தில் அத்தை இருந்தாள், நைனாவின் அக்கா. அங்கே விட்டால் நான் ஊரைக் கூட்டுவேன். அதனால் இடப்பக்க முன்சீட்டு எனக்கு என்று ஆகிவிட்டது. வெல்டர்கள் எல்லோரும் பின்னால்.

"இன்னா ஓனரம்மா, வண்டிய எடுக்கலாமா?" என்று வியாசர்பாடிக்காரர் ஒருவர் தினமும் கேட்பார். பாக்ஸிங் போட்டு மூக்கு ஒரு பக்கம் சாய்ந்தவர்.

"எடு" என்பேன். வண்டியே சிரிக்கும்.

என் காலடியில் ஒரு நீலத் துணி மேட் கிடந்தது. அம்மா வண்ணாரப்பேட்டையில் பேரம் பேசி வாங்கி, கத்தரிக்கோலால் தானே அளவு வெட்டிப் போட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் காலை வைத்தால் குறுகுறுவென்று இருக்கும். அம்மா போன பிறகு நான் அந்த வண்டியில் செருப்புப் போட்டதே இல்லை.

எண்ணூர் ரோட்டை நீங்கள் வார இறுதியில் பைக்கில் பறந்து பார்த்திருப்பீர்கள். அப்போது துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், நகராது. நடுவில் எங்கள் வண்டி. ஜன்னல் வழியாக நாற்றம் முறை வைத்துக்கொண்டு வரும். முதலில் கருவாடு, அப்புறம் கேஸ், அப்புறம் கண்ணைக் கரிக்கும் உரம். கண்ணை மூடிக்கொண்டே எந்த ஸ்டாப்பிங் என்று சொல்லிவிடுவேன். அப்படி நின்றிருந்த ஒரு காலையில்தான் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, பானெட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி.

"போச்சுடா, இட்லி வெந்துச்சி!" என்று இறங்கினார் வியாசர்பாடிக்காரர்.

ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முந்தின நாள்தான் நைனா நிரப்பியிருந்தார். எங்கள் தெரு போர் தண்ணீர், வாயில் வைத்தால் உப்பு. அன்றிலிருந்து தினமும் ஊற்றினார், தினமும் காணாமல் போனது. வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்துப் பார்த்தார். அட்டை காய்ந்தே கிடந்தது.

அதே வாரம்தான் என் காலடி நனைய ஆரம்பித்தது.

"இன்னா கண்ணு, தண்ணி கொட்டிக்கினியா?"

"இல்ல நைனா."

"சரி, பாத்துக் குடி."

மறுநாளும் ஈரம். மஞ்சள் நிறத்தில் ஸ்ட்ரா வைத்த பாட்டில் ஒன்று வைத்திருந்தேன். நைனா அதை எடுத்துத் தன் பக்கத்துக் கதவில் சொருகிக்கொண்டார். கேட்டால் தருவார். அடுத்த நாள் பாட்டில் அவரிடம்தான் இருந்தது, மேட் என்னிடம் நனைந்துதான் இருந்தது. அவர் மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போது அத்தை முன்சீட்டில் ஏறி என்னை மடியில் வைத்துக்கொண்டாள். கால் வைத்ததும் எகிறினாள்.

"அய்ய, இன்னாடா இது ஈரம்?"

"பாப்பா தண்ணி கொட்டிட்ச்சி."

அத்தை என் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். சீட்டைத் தடவினாள். பூசை முடிந்ததும் கோயில் வாசலில், குல்பி கையில் நான் நிற்கும்போதே, குரலைத் தாழ்த்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேசினாள். "தண்ணியாம் தண்ணி. அம்மாக்காரி போன ஏக்கம்டா. கொயந்தைங்களுக்கு இப்டித்தான் வரும், தெரியாமலே ஒண்ணுக்குப் போய்டும்."

"சீட்டு காஞ்சி தானக்கா கீது."

"ரெக்சின் சீட்டுல எங்கடா நிக்கும்? வயிஞ்சி கீய பூடும். பாவாட இந்த வெயில்ல காஞ்சிப் பூடும்."

குல்பி முழங்கை வரை உருகி ஓடியது. நான் இல்லை என்று கத்தினேன். கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நைனா என் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டார். "சரி கண்ணு, சரி கண்ணு. நைனா உன்ன ஒண்ணும் திட்லயே."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மன்னித்துவிட்டார், என்ன செய்ய?

நிரூபிக்கப் பார்த்தேன், மச்சீஸ். காட்டுப்பள்ளி வரை சம்மணமிட்டு உட்கார்ந்து, இறங்கும்போது பாவாடையைச் சுழற்றிக் காட்டினேன். "பாரு நைனா, காஞ்சிக் கீது." அவர் பார்க்கவே இல்லை, வெல்டர்கள் பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தார். இன்னொரு நாள், நான் பின்னால் உட்காருகிறேன் என்றேன். "வேணாம் கண்ணு, இங்கியே குந்து. இங்கன்னா யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். அன்று மட்டும் என்னைப் பின்னால் விட்டிருந்தால் இந்த மெசேஜே கிடையாது.

வெல்டர்களை விட்ட பிறகு சாயங்காலம் வரை அங்கேயேதான். கழிமுகத்துப் பக்கம் ஒரு கருவேல மர நிழலில் வண்டி நிற்கும். எதிரே சாம்பல் நிறத்தில் தண்ணீர், அதற்கு அப்பால் புகைபோக்கிகள். நைனா மேட்டை எடுத்துக்கொண்டுபோய் அலசுவார். என்னைப் பார்க்காமலே அலசுவார். பிழிந்து பானெட்டின்மேல் விரித்துவிட்டு, பின் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிடுவார். பேச ஆள் இல்லை. டேஷ்போர்டில் நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகிற ஒரு குமிழ் இருந்தது. அது எதற்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நைனா அதில் செபமாலையைத் தொங்கவிட்டிருந்தார். அந்த மணிகளை எண்ணி, தப்பாக எண்ணி, திரும்ப எண்ணி, நான் ஒரு கோடையையே ஓட்டினேன்.

தண்டையார்பேட்டையில் நைனாவின் தோஸ்து ஒருவர் மெக்கானிக். அவரிடம் வண்டி போனது. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்து, ஹோஸ் மாற்றி, கிளாம்பு மாற்றி, கடைசியில் பச்சையாக எதையோ ஊற்றினார். "இனிமே உங்க தெரு தண்ணிய காட்டாத மாமு. உப்பு எல்லாத்தியும் அரிச்சித் துன்னுடும். இது கூலன்ட்டு, இத்த ஊத்து."

கூலன்ட்டும் குறைந்தது. ஒரே வித்தியாசம், இப்போது மேட் பிசுபிசுத்தது. ஒரு மாதிரி தித்திப்பு வாசனை. உர நாற்றத்தில் அது யாருக்கும் தெரியாது. கழிமுகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அப்புறம் எறும்பு வந்தது.

அத்தைக்கு எறும்பு போதும்.

"டேய், சக்கர வியாதிடா! மூத்தரத்துல எறும்பு மொய்க்குது பாரு. நம்ம அப்பாவுக்கு இப்டித்தான் ஆச்சி."

ராயபுரத்தில் ஒரு சின்ன லேப். அத்தை என் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து பாத்ரூமுக்குள் தள்ளினாள். வெளியே வரிசையாக நாற்காலியில் பெரியவர்கள். அத்தை அவர்களிடம் என் கதையைச் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. எனக்கு வரவில்லை. குழாயைத் திறந்து விட்டார்கள், அப்போதும் வரவில்லை. "வண்டியில மட்டும் தாராளமா வருது" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். பாவம், கெட்ட சிரிப்பு இல்லை.

கடைசியில் ஒரு வழியாக டப்பாவைக் கொடுத்தேன். சர்க்கரை இல்லை என்று ரிசல்ட் வந்தது. எனக்கு விடுதலை என்று நினைத்தேன். அத்தை வேறு மாதிரி கணக்குப் போட்டாள். ஒடம்புல ஒண்ணும் இல்ல, அப்போ மனசுலதான் கோளாறு. பொம்பளப் புள்ளைய நாளெல்லாம் வண்டியில வச்சிச் சுத்தினால் இப்படித்தான். பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கன்னியாஸ்திரீ மடத்து ஹாஸ்டல், தெரிந்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார், ஜூனில் சேர்த்துவிடலாம்.

"பாக்கலாங்கா" என்றார் நைனா. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மேட் காய்ந்திருந்தால் நான் வீட்டில், நனைந்திருந்தால் ஹாஸ்டலில். எனக்கு அவ்வளவுதான் தெரியும். தினமும் வண்டியில் ஏறும்போது மேட்டைத் தொட்டுப் பார்ப்பேன். இறங்கும்போதும் பார்ப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா போனில், எடுத்த எடுப்பில், மெதுவாகக் கேட்டாள். "ஏன் கண்ணு அப்டிப் பண்றே?"

அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறாள். பின்னால் யாரோ அவளை வேறு பாஷையில் கூப்பிட்டார்கள். "தோ வரேன்" என்று தமிழிலேயே அவர்களுக்குப் பதில் சொன்னாள். லைன் கட்டானது.

அப்புறம் வண்டி ஒரே வாரத்தில் இரண்டாம் முறையாக ரோட்டில் நின்றது. வெல்டர்களுக்கு அரை நாள் போயிற்று. இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்றார் கான்ட்ராக்டர். நைனா நேராக தண்டையார்பேட்டைக்கு விட்டார். போகிற வழியில் ஒரு தெருக்குழாய் பக்கத்தில் நிறுத்தி, மேட்டை எடுத்து அலசினார். தரையைப் பழைய பனியனால் துடைத்தார். பவுடர் டப்பாவை எடுத்து என் காலடியில் தூவினார். மேட்டை வெயிலில் காயவைத்து, திரும்ப விரித்த பிறகுதான் வண்டியை எடுத்தார். அவர் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தார், எழுந்தார். ரேடியேட்டர் வாயில் சைக்கிள் பம்பை ஏதோ செய்து மாட்டிக் காற்றடித்தார். காதை வைத்துக் கேட்டார். தலையைச் சொறிந்தார்.

"காத்து எறங்குது மாமு. எங்கியோ வுடுது. ஆனா வெளிய ஒரு சொட்டு காணோம். பேஜாரா கீதே." எழுந்து வந்து என் பக்கத்துக் கதவில் கையை வைத்தார். "ஆமா, வண்டிக்குள்ள எங்கனா ஈரம் கீதா?"

நான் முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாய் வரை வந்துவிட்டது. நைனா என்னைப் பார்த்தார். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள், டீ குடித்துக்கொண்டு.

"உள்ளியா? சேச்சே. உள்ள இன்னா ஈரம்? சுத்தமா காஞ்சிக் கீது."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். அலசிய மேட். பவுடர் வாசனை. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஓனரம்மா வண்டிய ஷோக்கா வச்சிக்கினு கீறாங்க." திரும்பிப் போய்விட்டார். இன்ஜினின் தலையைக் கழற்றிப் பார்க்கணும் என்றார், கழற்றினார், அதில் ஒன்றும் இல்லை.

நான் அவமானப்படக் கூடாது என்று நைனா சொன்ன பொய் அது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது பாதிதான். அதுவரை, மற்றவர்கள் சொல்கிறார்களே என்று சும்மா இருக்கிறார், உள்ளுக்குள் என்னை நம்புகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பியிருந்தால் ஈரம் என்று சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் 'நான் இல்லை' என்று சொல்லவில்லை. அத்தை அதைப் பார்த்து, "இப்பதான் ஒத்துக்கினா" என்றாள்.

ஜூனில் கொண்டுபோய் விட்டார்கள். டிரங்குப் பெட்டி பின் பெஞ்சில், நான் முன்சீட்டில். வாசலில் சிஸ்டர் கையில் என்னை ஒப்படைக்கும்போது நைனா அவரைத் தனியாகக் கூட்டிப்போய் காதில் ஏதோ சொன்னார். அன்று இரவு என் பாயில் மட்டும் ரப்பர் ஷீட் விரித்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் ஏன் என்று கேட்கவில்லை. பார்த்தார்கள். ஒருநாள்கூட அந்த ஷீட் நனையவில்லை. ஆனால் அது இருந்தது, திரும்பிப் படுக்கும்போதெல்லாம் சரக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு.

பெற்றோர் வந்து பார்க்கலாம் என்ற முதல் ஞாயிறு. எங்கள் வண்டியின் சத்தம் எனக்கு ரோட்டு முனையிலேயே தெரிந்தது. இறங்கினதும் இறங்காததுமாக நைனா கத்தினார்.

"கண்ணு! கண்டுபுட்ச்சிட்டோம்!"

கையில் பேப்பரில் சுற்றிய ஒன்று. பிரித்துக் காட்டினார். பொம்மை ரேடியேட்டர் மாதிரி, நைனாவின் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிட்டது. ஓரமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, அரித்துக் கிடந்தது.

"இன்னா நைனா இது?"

"ஹீட்டரு! டெல்லியில குளுருதுன்னு வண்டிக்குள்ள அனல் வர்றதுக்கு வப்பாங்களாம். இன்ஜின் தண்ணி இதுக்குள்ள வந்து சுத்திக்கினு போவுது. டேஷ்போர்டுக்குள்ள, தோ, உன் காலுக்கு நேர் மேல கீது. மெட்ராஸ்ல எவன் ஹீட்டர் போடுவான், சொல்லு? அப்டி ஒண்ணு கீதுன்னே நமக்குத் தெரில. உப்புத் தண்ணியில ஓட்ட வுயிந்து, சொட்டு சொட்டா உள்ளியே ஊத்திக்கினு இருந்துக்கீது. இத்தக் கயட்டிப் போட்டுட்டு ரெண்டு பைப்பையும் ஒண்ணா சேத்துட்டான். அவ்ளோதான். இப்ப முள்ளு அசயவே மாட்டுது."

"எப்டிக் கண்டுபுட்ச்ச?"

அவர் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "உன்ன இங்க உட்டுட்டுப் போனேனா, அன்னிக்கே. பொன்னேரி தாண்டறதுக்குள்ள பாக்கறேன், தொடச்சிட்டு வந்த மேட்டு மறுபடி நனஞ்சிக் கீது. சீட்டுல யாருமே இல்ல." பேப்பரை மடித்தார், பிரித்தார். "நேரா மெக்கானிக்காண்ட போயி, உள்ளதான்டா ஈரம்னேன். முன்னியே கேட்டேனே மாமு, இல்லன்னியேன்னு கத்தறான்."

நான் காத்திருந்தேன்.

"அத்தைகிட்ட சொல்ட்டேன். அம்மாகிட்டயும் சொல்ட்டேன்."

"அம்மா இன்னா சொன்னா?"

"அயுதுச்சி." மரத்தைப் பார்த்தார். "அப்பால, எப்டியோ நல்ல எடத்துல சேந்துட்டா, இருக்கட்டும்னுச்சி. நானும் நாளெல்லாம் ரோட்ல கீறேன்... இங்க உனக்குப் புடிச்சிக் கீதா கண்ணு?"

"ம்" என்றேன். நான் 'ம்' சொன்ன விதத்தில் அவருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். முள் அசைவதைப் பார்த்தே வண்டிக்கு என்ன என்று சொல்கிற மனுஷன்.

கொண்டுவந்த பிரியாணியை மரத்தடியில் சாப்பிட்டோம். குழாயில் கை கழுவினோம், நான் காலையும் கழுவிக்கொண்டேன். மணி அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. "வா, தொட்டுப் பாரு" என்று கதவைத் திறந்துவிட்டார். ஏறி என் சீட்டில் உட்கார்ந்தேன். காலடியில் கறுப்பாகப் புது ரப்பர் மேட்.

"பழசு எங்க?"

"தூக்கிப் போட்டாச்சி. ஒரே பிசுபிசுப்பு, கலீஜு."

அது அம்மா வெட்டின மேட் என்று நான் சொல்லவில்லை. குமிழில் செபமாலை அப்படியே தொங்கியது. மணி அடித்தது. நைனா என் தலையில் கையை வைத்து, "நல்லா படிக்கணும் இன்னா" என்றார். இறங்கினேன்.

வராந்தாவில் நின்று பார்த்தேன். வண்டி கேட் வரை போய் நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடி வழியாக நைனாவின் தலை தெரிந்தது. அது இடப்பக்கம் திரும்பியது, குனிந்தது, சீட்டுக்குக் கீழே மறைந்துபோனது. கழுவின காலோடு ஏறினேன் இல்லையா, ரப்பரில் என் இரண்டு பாதமும் ஈரமாகப் பதிந்திருக்கும். நிமிர்ந்து விரலை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே இருந்தார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

சிவப்போடு வெள்ளை விளக்கும் எரியும், என்னைக் கூட்டிப்போக வண்டி பின்னால் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டியை எடுத்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

சிவப்பு அணைந்தது. வண்டி வெளியே போய் ரோட்டில் திரும்பியது.

ரப்பர் மேட்தானே. அந்த வெயிலுக்கு, பொன்னேரி போவதற்குள் காய்ந்திருக்கும்.